டோட்டல் தப்பா வருதா? லகாட்வாசிகளுக்கு ஒரு ரிப்போர்ட் வைத்தியம்

ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முதல்நாள் இரவு பத்து மணிக்குத்தான் எல்லா ரிப்போர்ட்டும் கெட்டுப்போகும். அதற்கு முந்தைய பதினோரு மாதமும் அது நன்றாக இருந்திருக்கும், யாரும் திறந்து பார்க்காததால். ஆகவே இதைப் படிக்கும் நீங்கள் லகாட்டிலோ பாப்பானிலோ பூசிங்கிலோ ஏதோ ஒரு தாமானில், தோட்டத்திலிருந்து பெயர்ந்து வந்த ஒரு கோயிலின் ஆபீசில், மேஜை விசிறிக்கும் பழைய டெஸ்க்டாப்புக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் தோளுக்குப் பின்னால் குறைந்தது மூன்று பேர் நிற்பார்கள். அதில் ஒருவர் பொருளாளர். அவர் சட்டைப்பையில் 555 புத்தகம் இருக்கும்.

முதல் வைத்தியம், கணினியைத் தொடாமல் இருப்பது. "அண்ணே, உங்க புத்தகத்துல எவ்ளோ காட்டுது?" என்று கேளுங்கள்.

"புத்தகத்துல நாப்பத்தோராயிரத்துச் சொச்சம், தம்பி. ஒன் மிஷின்ல எம்பதாயிரத்தத் தாண்டி நிக்குது. மிச்சப் பணம் எங்க?"

இந்தக் கேள்விக்கு நின்ற நிலையில் பதில் சொல்லக் கூடாது. ஒட்டுக்கடையிலிருந்து எல்லாருக்கும் தே ஓ வாங்கிவரச் சொல்லுங்கள். கடைக்குப் போகிறவர் திரும்பும் வரை உங்கள் தோளுக்குப் பின்னால் ஓர் ஆள் குறையும். அந்த நேரத்தில் வேலையைத் தொடங்கலாம்.

கோப்பு திறக்குமா என்பதே அடுத்த சந்தேகம். மைக்ரோசாஃப்ட் அக்சஸ் 1992 நவம்பரில் வெளிவந்தது. நம் பக்கத்துக் கோயில்களுக்கும் சங்கங்களுக்கும் அது வந்து சேர்ந்தது பெரும்பாலும் அக்சஸ் 97 காலத்தில், அப்போது கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்த யாரோ ஒரு பையனின் புண்ணியத்தில். அந்தப் பையன் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறார், போன் எடுப்பதில்லை. 97இல் செய்த கோப்பை அக்சஸ் 2013ஓ அதற்குப் பிறகு வந்த எந்தப் பதிப்போ திறக்காது. 2003 அல்லது 2010 உள்ள ஒரு பழைய கணினியைத் தேடிப்பிடித்து, அதில் திறந்து, புதிய வடிவத்துக்கு மாற்றி எடுத்துவர வேண்டும். அப்படிப்பட்ட கணினி ஊரில் ஒருவரிடம் கட்டாயம் இருக்கும். அவர் போன தடவை தேர்தலில் தோற்று நிர்வாகத்தை விட்டுப் போனவராகவும் இருப்பார். அவரோடு சமாதானம் செய்துகொள்ள அக்சஸில் பட்டன் கிடையாது.

கோப்பு திறந்துவிட்டதா? இனி, இரட்டித்த டோட்டல். பத்து ரிப்போர்ட் கெட்டால் எட்டு இதனால்தான் கெடுகிறது என்பது என் அபிப்பிராயம், ஆகவே கொஞ்சம் உட்கார்ந்து பார்ப்போம்.

கோயில் கணக்கில் மூன்று டேபிள் இருக்கும்: உபயம் எடுக்கும் உறுப்பினர்கள், அவர்கள் ஏற்றுக்கொண்ட உபயங்கள், கட்டிய ரசீதுகள். ஓர் உபயகாரர் திருவிழாவுக்கு இரண்டு உபயம் எடுத்திருக்கிறார் என்று வையுங்கள். அன்னதானம் 500 வெள்ளி, அபிஷேகம் 300 வெள்ளி, மொத்தம் 800. சம்பளத்துக்குச் சம்பளம் மூன்று தவணையாக 200, 200, 400 என்று கட்டி முடித்துவிட்டார். அதுவும் 800. மனிதர் சுத்தம்.

இப்போது ரிப்போர்ட்டுக்கு அடியில் இருக்கும் குவெரியைத் திறந்து பாருங்கள். மூன்று டேபிளையும் உறுப்பினர் எண்ணை வைத்து ஒரே குவெரியில் கோர்த்திருப்பார்கள். அக்சஸ் என்ன செய்யும்? இரண்டு உபயத்தையும் மூன்று ரசீதையும் ஒவ்வொன்றோடும் ஒவ்வொன்றாகச் சேர்த்து ஆறு வரி போடும். ஒவ்வோர் உபயமும் மூன்று தடவை வரும், ஒவ்வொரு ரசீதும் இரண்டு தடவை வரும். குரூப் ஃபுட்டரில் போட்ட ‘சம்’ அதை அப்படியே கூட்டும். உபயம் 2,400 வெள்ளி. கட்டியது 1,600 வெள்ளி. பாக்கி 800 வெள்ளி. ஒரு காசு மிச்சம் வைக்காமல் கட்டிய மனிதரின் பெயர் பாக்கிப் பட்டியலில் ஏறி, பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஏறி, அவர் மனைவி அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து அவரைக் கேட்டிருப்பார். டோட்டல் இரட்டிப்பதை யாராவது கவனிப்பார்கள். இந்த 800ஐத்தான் யாரும் கவனிப்பதில்லை.

இதற்கு ஊரில் மூன்று கைவைத்தியம் நடமாடுகிறது. ஒன்று, டோட்டலை இரண்டால் வகுப்பது. பொருளாளருக்கு மிகவும் பிடித்த முறை இது. மேலே சொன்னவருக்கு ரசீதுத் தொகை சரியாகிவிடும். ஒரே ஓர் உபயம் எடுத்தவருக்குப் பாதிப் பணம் காணாமல் போகும். இரண்டாவது, குவெரியின் பண்புகளில் ‘யூனிக் வேல்யூஸ்’ என்பதை ‘யெஸ்’ ஆக்குவது. ரசீது எண் குவெரியில் இல்லாவிட்டால், 200 வெள்ளி ரசீது இரண்டும் ஒன்றே என்று நினைத்து ஒன்றை விழுங்கிவிடும். 800 கட்டியவர் 600 கட்டியவர் ஆவார். மூன்றாவது, ரிப்போர்ட் டிசைனில் ‘ஹைட் டூப்ளிகேட்ஸ்’ போடுவது. இரட்டை வரி கண்ணுக்குத் தெரியாமல் போகும், கூட்டலில் மட்டும் இருக்கும். இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் எல்லாரும் இந்த மூன்றாவதுக்குத்தான் வருவார்கள்.

நிஜ மருந்து இதுதான். உபயத்தை மட்டும் உறுப்பினர் வாரியாகக் கூட்டி ஒரு குவெரி. ரசீதை மட்டும் அதே மாதிரி கூட்டி இன்னொன்று. ஆளுக்கு ஒரு வரியாக வந்த பிறகு இரண்டையும் உறுப்பினர் பட்டியலோடு சேருங்கள். விவரமும் வேண்டும் என்றால் ரசீதுகளைத் தனி சப்-ரிப்போர்ட்டாக வையுங்கள். அரைமணி நேர வேலை. தே ஓ ஆறுவதற்குள் முடியும்.

சேர்க்கும்போது ஒரு எச்சரிக்கை. அக்சஸ் தானாகப் போடும் இணைப்பில், இரண்டு பக்கமும் இருப்பவர் மட்டுமே வருவார். உபயம் எடுத்துவிட்டு ஒரு தவணையும் கட்டாதவர் ரிப்போர்ட்டிலேயே இருக்க மாட்டார். இணைப்புக் கோட்டை இரட்டைக் கிளிக் செய்து, உறுப்பினர் டேபிளில் உள்ள எல்லாரையும் காட்டு என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் அவர்களும் வந்துவிடுவார்கள். ஆனால் அதைச் செய்வதற்கு முன் புதிதாக யார் யார் பெயர் வரப்போகிறது என்று தனியாக ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். மேடையில் மாலை வாங்க வேண்டியவர்களின் பெயர் அதில் இருக்கக்கூடும். முன்கூட்டியே தெரிந்தால் அவர்கள் காலையில் வந்து கட்டிவிடுவார்கள். வசூலுக்கு இதைவிட நல்ல வழி நான் கண்டதில்லை.

கட்டாதவர்கள் ரிப்போர்ட்டில் வந்த பிறகும் ஒரு வேடிக்கை உண்டு. ஒன்றுமே கட்டாதவரின் ரசீதுத் தொகை பூஜ்யம் அல்ல, வெறுமை. அக்சஸ் அதை ‘நள்’ என்கிறது. 500 வெள்ளியிலிருந்து நள்ளைக் கழித்தால் 500 வராது, நள்தான் வரும். அதாவது பாதி கட்டியவருக்குப் பாக்கி உண்டு, ஒன்றுமே கட்டாதவருக்குப் பாக்கியே கிடையாது. இதை அறிந்தவர்கள் நிர்வாகத்தில் இருக்கிறார்களோ என்ற சந்தேகம் எனக்கு வெகு நாளாக உண்டு. ‘என்ஸெட்’ என்ற ஃபங்ஷனுக்குள் அந்தத் தொகையைப் போட்டு, வெறுமையாக இருந்தால் பூஜ்யம் என்று சொல்லிவிடுங்கள். அப்படிப் போட்ட பெட்டியின் பெயரும் டேபிளில் உள்ள ஃபீல்டின் பெயரும் ஒன்றாக இருக்கக் கூடாது. இருந்தால் பெட்டி தன்னையே தேடிப்போய் ‘#எர்ரர்’ என்று கத்தும்.

அடுத்து, ஒருவரே மூவராக வருவது. உறுப்பினர் எண் இல்லாமல் பெயரை வைத்துக் குரூப் செய்த ரிப்போர்ட்டில் முனியாண்டி மூன்று இடத்தில் இருப்பார். தோட்டத்துக் கிராணி காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். பெயரின் கடைசியில் ஓர் இடத்தில் ‘ஐ’, ஓர் இடத்தில் ‘ஒய்’, இன்னோர் இடத்தில் நடுவில் கூடுதலாக ஒரு ‘ஒய்’. அதற்கு மேல் பழைய ஆவணத்தில் ‘எஸ்/ஓ’, பின்னால் வந்ததில் ‘ஏ/எல்’. ரசீது எழுதியவர் அவசரத்தில் அதையும் விட்டிருப்பார். அக்சஸுக்கு இவர்கள் எல்லாம் வேறு வேறு ஆட்கள். திருத்துகிறேன் பேர்வழி என்று ஐசியில் இருப்பதை மாற்றி எழுதிவிடாதீர்கள். பெயருக்குரியவர் அந்த எழுத்தை வைத்துத்தான் பேங்கிலும் சேமநிதியிலும் பிழைத்துக்கொண்டிருக்கிறார். எண்ணை வைத்துக் குரூப் செய்யுங்கள், பெயரைச் சும்மா பக்கத்தில் காட்டுங்கள்.

கிராணியைத் திட்டுவது நமக்குச் சுலபம். ஆனால் செக்ரோல் எழுதியவர்களிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. ஆளுக்கு எத்தனை நாள், எவ்வளவு பால் என்று குறுக்கே கூட்டுவார்கள். நாளுக்கு எத்தனை பேர், எவ்வளவு என்று நெடுக்கேயும் கூட்டுவார்கள். இரண்டும் வலது கீழ் மூலையில் ஒரே தொகையில் வந்து நிற்காவிட்டால் சம்பளப் புத்தகம் மேஜையை விட்டு நகராது. உங்கள் ரிப்போர்ட்டுக்கும் அதே சோதனையைக் கொடுங்கள்: ரசீது டேபிளை மட்டும் தனியாகத் திறந்து ஒரு நேர் கூட்டல். எந்த இணைப்பும் இல்லாத அந்தத் தொகையோடு ரிப்போர்ட்டின் கடைசி வரி ஒத்துப்போகவில்லை என்றால் ரிப்போர்ட்டில்தான் கோளாறு, ரசீதில் இல்லை. பொருளாளரின் புத்தகத்தை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பெயர்களைத் தமிழிலேயே ஏற்றிய கோயில்களுக்குத் தனி நோய் உண்டு, அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நம் நாட்டில் கணினித் தமிழ் என்றால் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல்தான் முதலில் நினைவுக்கு வரும். யூனிகோடு பரவுவதற்கு முன் ஏற்றிய தமிழ், அஞ்சலானாலும் திஸ்கியானாலும், கண்ணுக்குத் தெரிகிற வரிசையில்தான் சேமிக்கப்பட்டது. ‘செ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு ‘ச’. ரிப்போர்ட்டில் முதல் எழுத்தை வைத்துக் குரூப் போட்டால் என்ன ஆகும்? செல்வி, தெய்வானை, பெருமாள், வெள்ளையன் எல்லாரும் ஒரே தலைப்பின் கீழ் கூடிவிடுவார்கள். தலைப்பில் ஒற்றைக் கொம்பு மட்டும் தனியாக நிற்கும். அதே கோப்பை எழுத்துரு இல்லாத புதிய கணினியில் திறந்தால் கொம்பும் இருக்காது, ஐரோப்பியப் பாஷை மாதிரி தலையில் புள்ளியும் கோடும் வைத்த எழுத்துகள் அணிவகுக்கும். யாராவது ‘வைரஸ்’ என்று சொல்லி அழிக்கச் சொல்வார். விடாதீர்கள். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு செல்வி ‘ச’வுக்குத் திரும்பிவிடுவார். குவெரியில் போட்ட வரிசையை மட்டும் நம்பாதீர்கள். ரிப்போர்ட் அதைச் சட்டை செய்யாது. அதற்கென்று உள்ள ‘குரூப் அண்ட் சார்ட்’ பகுதியில்தான் சொல்ல வேண்டும்.

தேதிக் கோளாறு வேறு ரகம். ஏப்ரல் மாத வசூல் மட்டும் வேண்டும் என்று படிவத்தில் 01/04/2024 முதல் 30/04/2024 வரை என்று கொடுக்கிறீர்கள். பின்னால் இருக்கும் நிரல் அந்தத் தேதிகளை அப்படியே எஸ்கியூஎல் வரிக்குள் ஒட்டினால், அக்சஸ் அமெரிக்க முறையில் மாதத்தை முதலில் படிக்கும். 01/04 என்பது ஜனவரி 4 ஆகிவிடும். 30/04ஐ அப்படிப் படிக்க முடியாது, முப்பதாவது மாதம் கிடையாதே, ஆகவே அதை மட்டும் நம் முறையில் ஏப்ரல் 30 என்று எடுத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து ஏப்ரல் மாத ரிப்போர்ட் ஜனவரி 4இல் தொடங்குகிறது. 2024இல் தைப்பூசம் ஜனவரி 25. கல்லுமலைக்குப் பஸ் பிடித்த காசு, பால்குடக் காசு, தண்ணீர்ப் பந்தல் நன்கொடை அத்தனையும் சித்திரைப் புத்தாண்டு வசூலில் வந்து விழும். "இந்த வருசம் சித்திரைக்கு மக்கள் அள்ளிக் குடுத்துட்டாங்க" என்று தலைவர் பேசி, கைதட்டலும் வாங்கிவிடுவார். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியை வடிவமைத்து அனுப்பினால் இந்தக் குழப்பம் தீரும். கைதட்டலும் குறையும்.

ஐசி எண்ணில் இன்னும் நுட்பமான விபத்து. செயலாளர் தன் உறுப்பினர் பட்டியலை எக்செல்லில் வைத்திருப்பார். பன்னிரண்டு இலக்க ஐசியைக் கோடில்லாமல் அடித்தால் எக்செல் அதை எண் என்று நினைத்து, 6.51இ+11 என்று விஞ்ஞானி மாதிரி எழுதும். அதை யாராவது கவனித்துவிடுவார்கள். கவனிக்காமல் போவது 2000 முதல் 2009 வரை பிறந்த பிள்ளைகளின் ஐசி. அது பூஜ்யத்தில் தொடங்கும். எண்ணாக மாறும்போது முன்னால் நிற்கும் பூஜ்யம் உதிர்ந்துவிடும். அக்சஸில் எழுத்தாக இருக்கும் ஐசியோடு அது பொருந்தாது. பொருந்தாததால் அந்தப் பிள்ளைகள் ரிப்போர்ட்டிலிருந்து மொத்தமாக விழுந்துவிடுவார்கள். வயதுவாரிச் சுருக்கத்தில் இருபத்தைந்துக்குக் கீழ் யாருமே இல்லை. உடனே கூட்டத்தில், இளைஞர்கள் கோயிலுக்கு வருவதில்லை, போனும் கையுமாகக் கெட்டுப்போய்விட்டார்கள் என்று முக்கால் மணி நேரம் விவாதம். இளைஞர் பிரிவு அமைக்கத் தீர்மானம். அந்த நேரம் கோயில் பின்னால் நாற்காலி அடுக்கிக்கொண்டும் அண்டா கழுவிக்கொண்டும் இருப்பவர்கள் யார் என்று எட்டிப் பார்த்தால், பூஜ்யம் உதிர்ந்த பிள்ளைகள்தான். ஐசியை எப்போதும் டெக்ஸ்டாக வையுங்கள். கூட்டிக் கழிக்கப்போவதில்லை, பிறகு ஏன் எண்?

மறுமுனையில் பாட்டிகள். ஐசியின் முதல் ஆறு இலக்கத்திலிருந்து பிறந்த தேதியைப் பிடுங்கி எடுக்கும்போது, இரண்டு இலக்க ஆண்டு 29 வரை இருந்தால் 2000த்தைச் சேர்ப்பதும் 30 முதல் 1900த்தைச் சேர்ப்பதும் வெகுகாலம் விண்டோஸ் உலகத்து வழக்கம். 1928இல் பிறந்த பாட்டி 2028இல் பிறக்கப்போகிறவர் ஆகிவிடுவார். முதியோர் அன்பளிப்புப் பட்டியலில் அவருக்கு வயது கழித்தல் குறியோடு இருக்கும், சராசரி வயதும் சரியும். அவருக்குப் போர்வை கொடுப்பதா பால் டின் கொடுப்பதா என்று நிர்வாகம் முடிவு செய்யட்டும். நீங்கள் நான்கு இலக்கத்தில் ஆண்டைப் போட்டுவிடுங்கள்.

கழித்தல் குறி என்றதும் சாப்பாடு ஞாபகம் வருகிறது. ‘அன்னதானத்துக்கு வருவார்’ என்று யெஸ்/நோ கட்டம் வைத்திருப்பீர்கள். அக்சஸுக்கு யெஸ் என்றால் −1. அதை ‘சம்’ போட்டுக் கூட்டினால் விருந்துக்கு −212 பேர் என்று வரும். சமையல்காரர் ஒன்றும் அசர மாட்டார். "மைனஸ் எரநூத்துப் பன்னெண்டுக்கு எத்தன மூட்ட அரிசி தம்பி, நாம குடுக்கணுமா அவங்க கொண்டாருவாங்களா?" என்பார். ‘ஆப்ஸ்’ ஃபங்ஷன் குறியை நீக்கிவிடும்.

சில்லறைக் கோளாறுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டோட்டலைப் பேஜ் ஃபுட்டரில் வைத்தால் ‘#எர்ரர்’ வரும். ரிப்போர்ட் ஃபுட்டருக்கோ குரூப் ஃபுட்டருக்கோ நகர்த்துங்கள். திறக்கும்போதெல்லாம் ஒரு சின்னப் பெட்டி வந்து ஏதோ பெயரைச் சொல்லி மதிப்புக் கேட்டால், யாரோ ஒரு ஃபீல்டின் பெயரை மாற்றியிருக்கிறார்கள், குரூப் பகுதியில் பழைய பெயர் ஒளிந்திருக்கிறது. இத்தனை நாளாக அந்தப் பெட்டியில் எல்லாரும் எதையாவது அடித்து ஓகே கொடுத்து வந்திருப்பார்கள். ஒருவர் சாமி பெயரை அடிப்பார். ஐந்து காசு வித்தியாசம் வந்தால் மோசடி என்று பாயாதீர்கள். 2008 ஏப்ரல் 1 முதல் கடையில் ரொக்க பில்லின் மொத்தம் ஐந்து சென்னுக்குச் சரிசெய்யப்படுகிறது. அக்சஸின் ‘ரவுண்டு’ அதன் போக்கில் 2.5ஐ 2 ஆக்கும், 3.5ஐ 4 ஆக்கும், பக்கத்து இரட்டை எண்ணைத் தேடிப் போவது அதன் சுபாவம். கணக்குப் பரிசோதகர் கேட்டால் இரண்டையும் சொல்லுங்கள், அவர் தூங்கிவிடுவார்.

இவ்வளவும் சரிசெய்த பிறகு ரிப்போர்ட்டின் மொத்தமும் பொருளாளரின் 555 புத்தகமும் ஆறு வெள்ளி வித்தியாசத்தில் வந்து நிற்கும். புத்தகத்தில்தான் கூட்டல் பிழை இருக்கும். அதைச் சபையில் காட்டாதீர்கள், மனிதர் இருபது வருடமாகச் சம்பளம் இல்லாமல் உழைப்பவர். தனியே கூப்பிட்டு, "அண்ணே, இந்த ஏழு ஒண்ணு மாதிரி தெரியுது, கொஞ்சம் பாருங்களேன்" என்றால் போதும். கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கை சங்கப் பதிவிலாகாவுக்குப் போயாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதற்குள் ஏழையும் ஒன்றையும் சமரசம் செய்துவிடலாம்.

கடைசியாக அச்சு. ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் வெற்றுத்தாள் வருகிறதா? ரிப்போர்ட்டை அமெரிக்க லெட்டர் தாளுக்கு வடிவமைத்திருக்கிறார்கள். அதன் அகலம் 21.59 சென்டிமீட்டர், நம் ஏ4 தாளின் அகலம் 21. ரிப்போர்ட்டின் அகலமும் இரண்டு பக்க மார்ஜினும் சேர்ந்து 21ஐத் தாண்டினால், தாண்டிய அந்த அரைச் சென்டிமீட்டருக்காக அக்சஸ் தனியாக ஒரு தாள் எடுக்கும். டிசைனில் வலது ஓரத்தை உள்ளே இழுத்தால் சரியாகிவிடும். ஆனால் இழுப்பதற்கு முன் நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். பதினெட்டுப் பக்க அறிக்கை முப்பத்தாறு பக்கமாகக் கையில் கனத்தால் உறுப்பினர்கள் கேள்வி கேட்பது குறைகிறது என்பது தலைவரின் அனுபவம். வெற்றுப் பக்கங்களில் கேள்வியை எழுதிக்கொண்டு வருவது எதிரணியின் அனுபவம். இரு தரப்புமே அந்தத் தாளை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். பிரிண்டர் மையை மட்டும் யார் பேரில் உபயமாக எழுதுவது என்று இரவே முடிவு செய்து, உபயம் டேபிளில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.